தவசிப் பூனையும் நெத்திலிக் கருவாடும்: எலிப்பொறிக்கு இரை செய்வது எப்படி?

மாமல்லபுரம் அர்ஜுனன் தபசு பாறைக்கு முன்னாடி நின்னு நாம எல்லாருமே யானையோட போட்டோ எடுத்திருப்போம். அடுத்த தடவை போகும்போது யானைக்குப் பக்கத்துல, கொஞ்சம் கீழே பாருங்க. ஒரு பூனை இரண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு பின்னங்காலில் நின்னு தவம் பண்ணும். அதைச் சுத்தி எலிகள். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கிய ஜோக் அது. பூனை எதையும் சாப்பிடக் கொடுக்கல. சும்மா நிக்குது. ரொம்ப நாளா சும்மாவே நிக்குதுன்னு எலிகளுக்குப் பழகிப்போச்சு, அதனால கிட்ட வந்துடுச்சு. எலி பிடிக்கிற வித்தையில் பாதி அந்தக் கல்லுலயே இருக்கு. மீதிப் பாதியைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போறேன்.

எதுக்கு ஒரு இன்ஜினியரிங் மாணவன் எலியைப் பத்தி எழுதணும்? போன செமஸ்டர்ல எங்க ஹாஸ்டல் பிளாக்ல எலி மூணு லேப்டாப் சார்ஜரையும் ஒரு ஃபைனல் இயர் புராஜெக்ட்டோட வயரிங்கையும் கடிச்சு வச்சது. (புராஜெக்ட் என்னுடையதுதான். ரிவ்யூவுக்கு நாலு நாள் முன்னாடி.) உடனே கடையில போய் பச்சைக் கலர் எலி கேக் வாங்கி வந்து ரூமுக்கு ரூம் போட்டோம். ஒரு வாரம் கழிச்சு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலிருந்து நாத்தம். அதைக் கூடப் பொறுத்துக்கலாம். மெஸ் அக்கா வளர்த்த பூனைக்கு மூக்குல ரத்தம் வர ஆரம்பிச்சது. விஷம் சாப்பிட்டு தள்ளாடிக்கிட்டு இருந்த எலியை அது பிடிச்சுத் தின்னிருக்கணும்னு கால்நடை டாக்டர் சொன்னார். வைட்டமின் கே ஊசி பல நாள் போட்டு பூனை பிழைச்சது. அக்கா எங்ககிட்ட ரெண்டு வாரம் பேசல. "பொறி வச்சா என்னப்பா, உங்களுக்கு அவ்வளவு சோம்பேறித்தனமா?"ன்னு கேட்டாங்க. பதில் இல்ல. பொறி வைக்கத் தெரியாதுங்கிறதுதான் உண்மை.

முதல்ல எல்லாரும் செய்யற மாதிரி மசால் வடைதான் வச்சோம். தமிழ் சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே இரை அதுதானே. ஆறு நாள் வடை காய்ஞ்சு எறும்பு மொய்ச்சதுதான் மிச்சம். அப்புறம்தான் படிக்க உட்கார்ந்தோம்.

எலிக்குப் புதுப் பொருள்னா பயம். தினமும் ஓடுற வழியில திடீர்னு ஒரு கூண்டு இருந்தா சில நாள் அதைச் சுத்தியே போகும். அதுக்குள்ள என்ன பிரியாணி இருந்தாலும் தொடாது. தவிர, எலியால வாந்தி எடுக்க முடியாது. தப்பான ஒண்ணை முழுங்கிட்டா வெளியே தள்ள வழியில்லாத பிராணி அது. அதனால புதுச் சாப்பாட்டைத் துளியூண்டு கடிச்சுப் பார்த்து, உடம்புக்கு என்ன ஆகுதுன்னு காத்திருக்கும். 1955இல் ஜான் கார்சியாவும் அவர் குழுவும் செய்த சோதனையில், இனிப்புத் தண்ணி குடிச்ச எலிகளைக் கதிர்வீச்சு மூலம் சங்கடப்படுத்தினாங்க. அதுக்கப்புறம் எலிகள் இனிப்புத் தண்ணியையே ஒதுக்க ஆரம்பிச்சது. ஜிங்க் பாஸ்பைடு மாதிரி சீக்கிரம் வேலை செய்யற விஷம் வயல்ல பாதி தோத்துப் போறதுக்கு இதுதான் காரணம். கொஞ்சமா தின்னு பிழைச்ச எலி ரெண்டாவது தடவை வராது.

வார்ஃபரின் வகை விஷம் இந்தப் பிரச்சினையைச் சுத்திப் போக வந்தது. வட அமெரிக்காவுல 1920கள்ல கெட்டுப்போன ஸ்வீட் க்ளோவர் வைக்கோலைத் தின்ன மாடுகள் ரத்தம் கசிஞ்சு செத்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் அதுக்கான மூலப்பொருளைக் கண்டுபிடிச்சார். அதிலிருந்து உருவானது 1948இல் எலி மருந்தாக வந்தது. ரத்தம் உறையறதைத் தடுத்து பல நாள் கழிச்சுத்தான் கொல்லும், அதனால எந்தச் சாப்பாட்டால வந்ததுன்னு எலிக்குத் தெரியாது. இன்ஜினியரிங் கண்ணோட அழகான தீர்வு. ஆனா அந்தப் பல நாளும் எலி ரத்தத்துல விஷத்தோட நடமாடுது. அதைக் கூகையோ கீரியோ எங்க மெஸ் பூனையோ பிடிக்கும். நாங்க போட்ட கேக் இதே குடும்பத்தோட அடுத்த தலைமுறை, இன்னும் நாள்பட உடம்புல தங்குறது. (எலிப்பசைன்னு டியூபில் வித்துக்கிட்டு இருந்த மஞ்சள் பாஸ்பரஸ் வேற கதை. அதுக்கு மாற்று மருந்தே இல்ல. தமிழ்நாட்டில் அதைத் தடை செஞ்சாச்சு. பழைய டியூப் ஏதாவது ஸ்டோர் ரூம்ல இருந்தா தொடாம வார்டன்கிட்ட சொல்லுங்க.)

சரி, பொறிக்கு வருவோம். எலியோட பயம் தீர ஒரே வழி பழக்கம். கூண்டைத் திறந்த நிலையில, கதவு விழாத மாதிரி கம்பியால கட்டி, உள்ள இரை வச்சு மூணு நாலு நாள் விடணும். தின்னுட்டுப் போகட்டும். பார்க்கிறவங்க "என்னடா எலிக்கு மெஸ் நடத்துறீங்களா"ன்னு கேட்பாங்க, கண்டுக்காதீங்க. இதுல இன்னொரு லாபம் இருக்கு. 1988இல் பென்னட் கேலஃப் குழு வெளியிட்ட ஆய்வுப்படி, ஒரு எலி தின்னுட்டு வளைக்குத் திரும்பினா மத்த எலிகள் அது வாயை மோந்து பார்க்கும். எலியோட மூச்சுல கார்பன் டைசல்ஃபைடு கொஞ்சம் இருக்கு. அந்த வாசனையோட சேர்ந்து வர்ற சாப்பாட்டு மணத்தை "இது பாதுகாப்பானது"ன்னு மத்தது எடுத்துக்குது. அதாவது நீங்க இலவசமா சாப்பாடு போட்ட ஒவ்வொரு எலியும் உங்க இரைக்கு விளம்பரம் பண்ணுது. அஞ்சாம் நாள் கம்பியை அவிழ்த்துடுங்க. இந்த ஒரு மாற்றம் செஞ்ச அன்னிக்கு ராத்திரி எங்களுக்கு ரெண்டு கூண்டுல ரெண்டு எலி.

ஆனா இதுக்கு ஒரு நிபந்தனை. நாலு நாளும் இரை ஒரே மாதிரி மணக்கணும். மசால் வடை முதல் நாள் ஒரு வாசனை, மூணாம் நாள் ஊசின வாசனை. பச்சை மீன் தலையோ சிக்கன் கழிவோ வச்சா இன்னும் மோசம்: ராத்திரி வச்சது காலையில ஈ, மறுநாள் புழு, நாய் வந்து கூண்டையே இழுத்துட்டுப் போயிடும். கெடாத, ஆனா மணக்கிற மாமிசம் வேணும். யோசிச்சுப் பாருங்க, இந்தக் கடற்கரை முழுக்க அந்தத் தொழில்தான் நடக்குது. கொக்கிலமேடு, தேவனேரி பக்கம் போனா வெயில்ல காயறது அதுதான். கருவாடு.

மீன் உடம்புல டிரைமெத்தில் அமீன் ஆக்சைடுன்னு ஒரு பொருள் இருக்கு, அதுக்கு மணமே கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை டிரைமெத்தில் அமீனா மாத்துது. நாம "மீன் வாடை"ன்னு சொல்றதுல பெரும்பங்கு அதுதான். கொழுப்பு காத்துல ஆக்சிஜனேற்றம் ஆகிக் காறல் வாசனை தருது. இந்த ரெண்டும் கொஞ்ச தூரம் போகணும், ஆனா முழு அழுகலுக்குப் போகக்கூடாது. அந்த இடத்துல பிரேக் போடறதுதான் உப்பு.

ஃபுட் டெக்னாலஜி எடுத்தவங்களுக்கு வாட்டர் ஆக்டிவிட்டி தெரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்கு: ஒரு பொருள்ல எவ்வளவு தண்ணி இருக்குங்கிறதை விட, அதுல எவ்வளவு நுண்ணுயிருக்குக் கைக்கு எட்டும்படி இருக்குங்கிறதுதான் கணக்கு. சுத்தத் தண்ணிக்கு 1. பச்சை மீனுக்குக் கிட்டத்தட்ட 0.99. பெரும்பாலான பாக்டீரியா 0.91க்குக் கீழே வளராது. உப்பு இனிமேல் கரையவே கரையாதுங்கிற அளவு கலந்த கரைசலுக்கு 0.75. அதனாலதான் மூணு நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்புன்னு போட்டு, தண்ணி விட்டதும் வடிச்சு, வெயில்ல காய வச்சா மாசக்கணக்குல நிக்குது. மணல்ல போடாம பரண் கட்டிக் காய வச்சா காத்து ரெண்டு பக்கமும் படும், மண்ணும் ஒட்டாது.

இதே 0.75 நமக்கு ஒரு தொல்லையும் கொடுக்குது. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு காத்துலேருந்து தண்ணியை இழுக்கும். நம்ம கடலோரத்துல விடிகாலை ஈரப்பதம் சாதாரணமாவே அதைத் தாண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில கேட்கவே வேண்டாம். வீட்டுல உப்பு ஜாடி கசியறதைப் பார்த்திருப்பீங்களே, கருவாடும் அப்படித்தான் வியர்க்கும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். வெயில் காலத்துல செஞ்ச இரை அக்டோபர்ல ஏன் வேலை செய்யலன்னு நாங்க மண்டையைப் பிச்சுக்கிட்டதுக்குப் பதில் இது.

எங்க செய்முறை இதுதான். நூறு கிராம் நெத்திலிக் கருவாடு வாங்குங்க. தண்ணியில அஞ்சு நிமிஷம் அலசி உப்பைக் குறைங்க, ரொம்ப உப்பு இருந்தா எலி ஒரு கடியோட நிறுத்திடும். துணியில ஒத்தி எடுத்து, எண்ணெய் இல்லாம வாணலியில சின்னத் தீயில மொறுமொறுன்னு வர்ற வரைக்கும் வறுங்க. (ஜன்னலைத் திறந்து வைங்க. எங்க தளத்துல ஒருத்தன் சைவம், அவன் இன்னும் மன்னிக்கல.) ஆறினதும் பொடி பண்ணி, அதே அளவு வறுத்த வேர்க்கடலையோட சேர்த்து அரைங்க. கடலையில இருந்தே எண்ணெய் விட்டு மாவு மாதிரி திரளும், தேவைப்பட்டா ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய். தண்ணி மட்டும் ஒரு சொட்டு கூடச் சேர்க்காதீங்க, சேர்த்தா இவ்வளவு நேரம் பேசின 0.75 எல்லாம் வீண். பட்டாணி அளவு உருண்டையா உருட்டி இறுக்கமான கண்ணாடி பாட்டில்ல போடுங்க. ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டைப் பிரிக்காம ரெண்டு உள்ள போடலாம். பாட்டில் மேல பெருசா "எலிக்கு"ன்னு எழுதுங்க. ஹாஸ்டல்ல பசிச்சவன் லேபிள் இல்லாத எதையும் விட்டு வைக்க மாட்டான்.

பொறியில வைக்கும்போது உருண்டையைச் சும்மா தட்டுல வைக்காதீங்க. கொக்கியில நூலால கட்டுங்க. நக்கிட்டு ஓடற எலி நூலை இழுத்தாத்தான் கதவு விழும். இது மெஸ் அக்கா சொன்ன யோசனை. கையுறை போட்டுக்கிட்டு எல்லாத்தையும் செய்யுங்க, அது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

குளிர் நாடுகள்ல ரோமத்துக்காக விலங்கு பிடிக்கிறவங்க இதை ஒரு தனிக் கலையாவே வச்சிருக்காங்க. மாமிசத் துண்டுகளை ஜாடியில போட்டு நிழல்ல வச்சு லேசா புளிக்க விட்டு, சரியான வாடை வந்ததும் சோடியம் பென்சோவேட் போட்டு நிறுத்துவாங்க. உறையாம, காயாம இருக்க கிளிசரின். ஊறுகாய் பாட்டில்ல போடற அதே பென்சோவேட்தான். ஆனா அது புளிப்புலதான் நல்லா வேலை செய்யும். மாமிசம் அழுக அழுக அமீன்கள் சேர்ந்து காரத்தன்மை ஏறும், பென்சோவேட்டோட பலம் குறையும். அதனால சீக்கிரமே நிறுத்தத் தெரியணும். ஊறுகாய் போடற பாட்டிக்குத் தெரிஞ்ச அதே கணக்கு.

அந்த முறையை இங்க கீரிக்கோ மரநாய்க்கோ நரிக்கோ முயற்சி பண்ணலாம்னு யாருக்காவது தோணினா, வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல "வேட்டை"ங்கிற சொல்லுக்கான விளக்கத்துக்குள்ளேயே பொறி வைக்கிறதும் இரை வைக்கிறதும் வருது, முயற்சி பண்றதும் வருது. பிடிச்சாத்தான் குற்றம்னு இல்ல. பெயிண்ட் பிரஷ்ஷுக்காகக் கீரி முடி விக்கிறதும் வாங்கறதும் குற்றம்தான். எலி மட்டும் காகத்தோடும் பழந்தின்னி வௌவாலோடும் தனிப் பட்டியல்ல தீங்குயிரா இருந்தது. 2022 திருத்தத்துல அந்தப் பட்டியலையே எடுத்துட்டாங்க.

இது வெறும் சட்டப் பேச்சு இல்ல. கருவாட்டு மணம் எலிக்கு மட்டும்னு அட்ரஸ் போட்டுப் போறதில்ல. எங்க கூண்டுல மூணாவது வாரம் மாட்டினது ஒரு மூஞ்சூறு. பார்க்க எலி மாதிரி, மூக்கு நீளம், கீச் கீச்னு கத்தும், உடம்புல கஸ்தூரி மாதிரி ஒரு நாத்தம். அது எலி இனமே இல்ல. கரப்பான் பூச்சி தின்னும், வயரைக் கடிக்காது. விட்டுடுங்க. கேம்பஸ் ஓரம் புதர் இருந்தா கீரியும் மரநாயும் வரும். அதனால கூண்டைக் கட்டடத்துக்குள்ள, சுவரை ஒட்டி வைங்க. எலி சுவரோரமாத்தான் ஓடும். காலையில கட்டாயம் போய்ப் பாருங்க, கூண்டுல ஒரு உயிரை வெயில்ல விட்டுட்டு லேபுக்குப் போறது நியாயமில்ல. கம் பேட் எனப்படுற ஒட்டும் அட்டையை நாங்க ஒரே நாள்ல நிறுத்திட்டோம். அந்தச் சத்தத்தைக் கேட்டவங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்ல.

இரையே இல்லாம எலி பிடிக்கிறவங்க நம்ம மாவட்டத்துலயே இருக்காங்க. இருளர்கள். வயல் வரப்புல எந்த வளையில எலி இருக்கு, எது காலி, எந்த வழியா வெளியே ஓடும்னு மண்ணைப் பார்த்தே சொல்லிடுவாங்க. மத்த வாசல்களை அடைச்சுட்டு, அடியில ஓட்டை போட்ட மண்பானையில வைக்கோலைப் பத்தவச்சு, பானை வாயை வளையில வச்சு, ஓட்டை வழியா வாயால ஊதிப் புகையை உள்ள தள்ளுவாங்க. அப்புறம் தோண்டினா எலியும் கிடைக்கும், எலி சேர்த்து வச்ச நெல்லும் கிடைக்கும். விஷம் ஒரு சொட்டு கிடையாது. ஆனா கையும் உதடும் சுடும், நுரையீரல்ல புகை. சென்னையைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் இதுக்குக் கையால சுத்தற ஊதுகருவி ஒண்ணை இரும்புல செஞ்சு, 2003இல் உலக வங்கியோட டெவலப்மென்ட் மார்க்கெட்பிளேஸ் போட்டியில பரிசு வாங்கினது. ஒரு கைப்பிடி, ஒரு விசிறி, ஒரு புகை அறை. நாம மினி புராஜெக்ட்னு செய்யற பாதி விஷயத்தைவிட இதுக்கு உபயோகம் அதிகம்னு நான் நினைக்கிறேன்.

ரோமத்துக்குப் பதிலா இந்தப் பக்கம் ஒரு காலத்துல தோல் வியாபாரம் நடந்தது, பாம்புத் தோல். இருளர்கள் பிடிச்சுக் கொடுத்த தோல் வெளிநாட்டுக்குப் பையாவும் செருப்பாவும் போச்சு. 1972 சட்டமும் 1976இல் வந்த ஏற்றுமதித் தடையும் அதை நிறுத்தின. பிடிக்கத் தெரிஞ்ச கைகளுக்கு வேலை இல்லாம போன அந்த இடைவெளியிலதான் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. வடநெம்மேலியில, ஈசிஆர் முதலைப் பண்ணை வளாகத்துல இருக்கு. பாம்பைப் பிடிச்சு, விஷம் எடுத்து, சில வாரத்துல திரும்ப விட்டுடுவாங்க. அந்த விஷத்துலேருந்துதான் பாம்புக்கடி மருந்து செய்றாங்க. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் அங்கே பெருகிப்போன மலைப்பாம்புகளைப் பிடிச்சுக் காட்டினாங்க. 2023இல் பத்மஸ்ரீ. அவங்க முறையிலயும் இரை கிடையாது. தடத்தைப் படிக்கிறதுதான்.

எங்களுக்கு அந்தக் கண் கிடையாது, அதனால கருவாடு. ஆனா கொஞ்சம் கடன் வாங்கினோம். கூண்டு வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் சுவரோரம் மாவு தூவி, கால் தடம் எங்க அதிகம்னு பார்த்தோம். பன்னிரண்டு இடத்துல வச்சுக்கிட்டிருந்த கூண்டை மூணா குறைச்சோம். சமையலறைக் குழாய் சுவருக்குள்ள போற ஓட்டைதான் பிரதான வாசல்னு தெரிஞ்சது. இரும்பு வலையும் சிமெண்டும் போட்டு அடைச்சோம். மொத்தச் செலவு ஒரு எலி கேக் பாக்கெட்டை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

கையுறை விஷயம். எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ், எலியோட சிறுநீர் மூலமா வருது. காலில் சின்ன வெட்டு இருந்தா அது வழியா கூடப் போகும், மழைத்தண்ணி தேங்கினா இன்னும் சுலபம். கூண்டைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்க, கூண்டைப் பிளீச்சிங் பவுடர் கரைசல்ல முக்கி எடுங்க. எலி தொந்தரவு உள்ள இடத்துல இருந்து காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்புன்னு வந்தா டாக்டர்கிட்ட எலியைப் பத்தியும் சொல்லுங்க. சொன்னாத்தான் அவர் அந்தப் பக்கம் யோசிப்பார்.

இப்போ மூணு கூண்டு ஓடிக்கிட்டு இருக்கு. கடைசி மூணு வாரத்துல ஒண்ணே ஒண்ணுதான் மாட்டினது, அதுவும் பெருச்சாளி, வெளியிலிருந்து வந்தது. பூனை திரும்பவும் மெஸ் படிக்கட்டுல படுத்திருக்கு. இரை பாட்டிலை அக்கா தன் அலமாரியிலேயே வச்சுக்கிட்டாங்க, அடுத்த நெத்திலி வாங்கற முறை செகண்ட் இயர் பசங்களுது. பாட்டில்ல இன்னும் பதினஞ்சு உருண்டை இருக்கு. உங்க பிளாக்குக்கு வேணும்னா வந்து வாங்கிக்கோங்க, மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி.